வடாம் காயுமா, மழை வருமா: மொட்டை மாடியிலிருந்து வானம் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல் மாதத்தில் பெங்களூரில் வடாம் பிழிவது கிட்டத்தட்ட சூதாட்டம். காலையில் பளீரென்று வெயில் அடிக்கும். அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் அத்தை பழைய வேட்டியை நான்கு மூலையிலும் செங்கல் வைத்து விரித்து, அச்சில் மாவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மத்தியானம் வரை காக்காய்தான் எதிரி. நான்கு மணிக்கு ஓசூர்ப் பக்கம் கறுத்தால் அப்புறம் காக்காயை யாரும் கண்டுகொள்வதில்லை.

"இன்னிக்கு மழை வருமாடா?" இது எனக்குத் தினமும் வரும் கேள்வி. செல்போன் 40 சதவீதம் என்று சொல்லும். 40 சதவீதத்தை வைத்துக்கொண்டு அத்தை என்ன செய்வார்? வடாம் போடலாமா, கூடாதா, அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் வானிலை இயலின் முதல் பாடங்களைத் திரும்பப் படித்தேன். கல்லூரி முதலாண்டில் இதையே பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும் கீழே சொல்வது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் அடித்தால் சாயங்காலம் மழை என்பது பாதிக் கணக்கு. 2024 ஏப்ரலில் பெங்களூரு 38 டிகிரியைத் தாண்டியது. அளக்கும்படி ஒரு மழைகூட இல்லாமல் அந்த மாதம் முடிந்தது. அதே ஆண்டு ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டி, ஜூன் மாதத்துக்கான 1891-ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தது. ஈரம், ஏற்றம், மேலே இருக்கும் காற்றின் குணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு கூடி வரும்.

முதல் படி: காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது?

எல்லோரும் பார்ப்பது ஈரப்பத சதவீதத்தை. அது ஏமாற்றும் எண். முழுப் பெயர் ஒப்பு ஈரப்பதம். எதை ஒப்பிட்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கன மீட்டர் இடத்தில் 10 டிகிரி செல்சியஸில் சுமார் 9 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம். பத்து டிகிரிக்கு ஒருமுறை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த உச்ச அளவில் இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதே சதவீதம்.

ஜனவரி விடியற்காலையில் 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். கன மீட்டருக்குச் சுமார் 11.5 கிராம் நீராவி வரும். மே மாத மத்தியானம் 34 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்தான். ஆனால் அதில் 15 கிராம் இருக்கும். 90 சதவீதத்தைவிட 40 சதவீதத்தில் தண்ணீர் அதிகம்! அதனால் சதவீதத்தை விட்டுவிட்டுப் பனிநிலையைப் பாருங்கள். ஈரமும் அழுத்தமும் மாறாமல் காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அது நிறைவுற்று நீராகப் படியத் தொடங்குகிறதோ, அதுதான் பனிநிலை. இந்த எண் வெயில் ஏறியதற்காக மாறாது. ஒரே இடத்தில் நின்று அளக்கும்வரை, ஈரம் கூடினாலோ குறைந்தாலோதான் மாறும்.

இதை அளக்க ஆய்வகம் வேண்டாம். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதி அளவு குழாய்த் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் வையுங்கள். ஐஸ் கட்டியை உடைத்துத் துண்டு துண்டாகப் போட்டு, தெர்மாமீட்டரால் மெதுவாகக் கலக்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது. பூஜ்யத்திலிருந்து 50 வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர் வேண்டும். டம்ளரின் வெளிப்புறம் எப்போது மங்குகிறதோ அப்போது தெர்மாமீட்டர் காட்டும் எண் பனிநிலை. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் மங்கல் தெரியும். முதல் தடவை எனக்கு 24 வந்தது. ஏப்ரல் மத்தியானத்தில் இந்த ஊரில் அவ்வளவு வராதே என்று குழம்பினேன். அப்புறம்தான் புரிந்தது: மூக்கை டம்ளரில் ஒட்டாத குறையாக வைத்து, என் மூச்சுக்காற்றையே அளந்திருக்கிறேன். கையை நீட்டி வைத்துச் செய்ததில் 17 வந்தது.

ஐஸுக்கு அலுப்பாக இருந்தால் ஒரு குறுக்கு வழி. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால், நூறிலிருந்து அதைக் கழித்து ஐந்தால் வகுத்து, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 28 டிகிரி, 70 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 22. ஐம்பதுக்குக் கீழே இந்தக் கணக்கு நம்பகமில்லை.

இடையில் ஒரு விஷயம். ஈரக்காற்று கனமானது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது லேசானது. நீரின் மூலக்கூறு எடை 18. அது இடம் பிடிக்கும் நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32. புழுக்கத்தில் காற்று நம்மை அழுத்துவதுபோல் தோன்றுவது வியர்வை ஆறாததால்.

இரண்டாம் படி: மேகத்தின் அடி எவ்வளவு உயரத்தில்?

சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திவிட்டு விரலை நீட்டினால் சில்லென்று காற்று வரும். அடைபட்டிருந்த காற்று விரிகிறது. விரிய வேலை செய்ய வேண்டும். அந்தச் செலவைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மேலே ஏறும் காற்றுக்கும் இதே கதைதான். உயரம் ஏற ஏற அழுத்தம் குறையும், காற்று விரியும், குளிரும். நிறைவுறாத காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். 100 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

ஏறும்போது அழுத்தம் குறைவதால் பனிநிலையும் கொஞ்சம் இறங்கும், கிலோமீட்டருக்குச் சுமார் 1.8 டிகிரி. ஆக இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்குகிறது. இடைவெளி பூஜ்யமாகும் இடத்தில் மேகம் பிறக்கும். வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்.

எங்கள் மாடியில் 33 டிகிரி, டம்ளர் சொன்னது 17. இடைவெளி 16. அதை 125-ஆல் பெருக்கினால் 2,000 மீட்டர். பெங்களூரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல்மட்டக் கணக்கில் 2,900. கடற்காற்று வீசும் சென்னையில் 34 டிகிரியும் பனிநிலை 26-ம் இருந்தால் மேகத்தின் அடி 1,000 மீட்டரிலேயே வந்துவிடும். திரள் மேகங்களின் அடிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் ஒரே மட்டமாக இருப்பதும் இதனால்தான். சுற்றுவட்டாரத்தில் காற்றின் வெப்பமும் ஈரமும் ஏறத்தாழ ஒன்றே. எங்கே கிளம்பினாலும் ஒரே உயரத்தில்தான் நிறைவுறும்.

தரையிலிருந்து கிளம்பி ஏறும் காற்றுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். உயரத்தில் மெல்லிய இழைகளாகத் தெரியும் கீற்று மேகத்துக்கு இதைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

மூன்றாம் படி: ஏறிய காற்று திரும்பி வருமா, ஏறிக்கொண்டே போகுமா?

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் வழுக்குவதும் இங்கேதான். நிதானமாகப் போவோம்.

பல்லாங்குழிப் பலகையில் குழிக்குள் கிடக்கும் சோழியைத் தட்டிவிட்டால் ஆடிவிட்டு அங்கேயே வந்து படுத்துவிடும். இரண்டு குழிகளுக்கு நடுவே உள்ள மேட்டில் நிற்கும் சோழியைத் தொட்டாலே போதும், உருண்டு போய்விடும். முதலாவது நிலைத்த காற்று, இரண்டாவது நிலையற்ற காற்று. குழியா மேடா என்பதைத் தீர்மானிப்பது இரண்டு வெப்பநிலைகள்: ஏறி வந்த காற்றின் வெப்பம், அதே உயரத்தில் ஏற்கெனவே இருக்கும் காற்றின் வெப்பம். ஏறி வந்தது சூடாக இருந்தால் லேசாக இருக்கும், மேலும் ஏறும். குளிர்ந்திருந்தால் கனத்து இறங்கிவிடும். இந்த இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. 9.8 என்பது ஏறும் காற்று குளிரும் வீதம். சுற்றியிருக்கும் காற்று எப்படிக் குளிர்கிறது என்பது நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். பொதுவான சராசரி கிலோமீட்டருக்கு 6.5.

இன்னொரு சங்கதியும் உண்டு. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் படும் ஆவி வெந்நீரைவிட மோசமாகச் சுடும் அல்லவா? ஆவி நீராக மாறும்போது தன்னுள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தைக் கொட்டுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் அளவுக்கு ஆவி குளிர்ந்து நீரானால் வெளிவரும் வெப்பம் சுமார் 8 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். மேகத்துக்குள்ளும் அதே வெப்பம் வெளிவருகிறது. அதனால் நிறைவுற்ற காற்று 9.8 வீதத்தில் குளிர்வதில்லை. நம் ஊர் வெதுவெதுப்பான ஈரக்காற்றில் மேகத்தின் அடியை ஒட்டிக் கிலோமீட்டருக்குச் சுமார் 4.5 டிகிரிதான் குளிரும்.

இப்போது நம் மாடிக் காற்றை ஏற்றிப் பார்ப்போம். தரையில் 33. மேகத்தின் அடி 2,000 மீட்டர். அங்கே போகும்போது அது 33-லிருந்து 19.6 இழந்து 13.4 டிகிரியில் இருக்கும். அந்த உயரத்தில் சுற்றியிருக்கும் காற்று 14 டிகிரி என்று வைப்போம். வந்தது அரை டிகிரி குளிர்ச்சி. எனவே இறங்கப் பார்க்கும். அதாவது மேலே ஒரு மூடி. ஆனால் ஏதோ ஒன்று அதை இன்னும் கொஞ்சம் நெட்டித் தள்ளிவிட்டது என்று வையுங்கள். இனி மேகத்துக்குள் 4.5 வீதம்தான். இன்னும் 2,000 மீட்டர் ஏறினால் 13.4-லிருந்து 9 கழிந்து 4.4 டிகிரி. அதே உயரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரில், தென்னிந்தியாவில் சுற்றுக் காற்று பூஜ்யம் டிகிரியை ஒட்டியிருக்கும். ஏறி வந்தது 4 டிகிரிக்கு மேல் சூடு! அப்புறம் அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. மேகம் கோபுரமாக எழும்.

இதற்கு நிபந்தனைக்கு உட்பட்ட நிலையின்மை என்று பெயர். வறண்டிருக்கும் வரை குழிக்குள் கிடக்கும் சோழி. நிறைவுற்று மூடியைத் தாண்டிவிட்டால் மேட்டில் நிற்கும் சோழி. ஏப்ரல், மே மாத மாங்காய் மழைக் காலத்து நாட்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒரே மாதிரி வெயில் அடித்த இரண்டு நாட்களில் ஒரு நாள் மட்டும் மழை வருவது ஏன் என்பதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தைப் பார்க்க ஜனவரியில் நந்தி மலைக்குப் போங்கள். உயரம் 1,478 மீட்டர், நகரத்தைவிட சுமார் 550 மீட்டர் அதிகம். தெளிந்த இரவில் தரை வெப்பத்தை இழந்து சில்லிட்டுப்போகும். அதைத் தொட்ட காற்றும் குளிரும். மேலே இருப்பது கதகதப்பாகவே இருக்கும். கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்று வெப்பநிலை தலைகீழாக அடுக்கியிருக்கும். இதைவிட நிலைத்த காற்று கிடையாது. விடியும்போது காலுக்குக் கீழே பஞ்சுக் கடல்போல் பனிமூட்டம் படுத்துக் கிடக்கும். ஓர் அலைகூட எழாது. தேவனஹள்ளியில் விமானங்கள் தாமதமாவதும் அதே மூட்டத்தால்தான். குளிர்காலக் காலையில் யாராவது சருகு கொளுத்தினால் புகை கொஞ்சம் எழும்பி, பிறகு பாய் விரித்ததுபோல் பரவும். அந்த மட்டத்தில்தான் மூடி இருக்கிறது.

நான்காம் படி: தள்ளிவிடுவது யார்?

மூடியைத் தாண்ட ஒரு தள்ளு வேண்டும் என்று பார்த்தோம். வெயில் தள்ளலாம், அதனால்தான் இடிமழை மாலை நேரத்தை விரும்புகிறது. மலை தள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறும்போது ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பொழிகிறது. அந்தப் பக்கம் ஈரத்தை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் வரும் காற்றில் ஜூலை மாதப் பெங்களூருக்குச் சாம்பல் நிற வானமும் தூறலும்தான் பெரும்பாலும் மிச்சம். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் இங்கே ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

காற்றோடு காற்று முட்டிக்கொள்வதும் தள்ளும். ஏப்ரல், மே மாத வானிலை அறிக்கையில் "காற்றுத் திசை மாறும் கோடு உள் கர்நாடகம் வழியாகச் செல்கிறது" என்று வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வங்கக்கடல் ஈரத்தோடு வரும் காற்றும் உள்நாட்டு வறண்ட காற்றும் சந்திக்கும் கோடு அது. சந்தித்தால் மேலே போவதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, வேறு எங்கோ பெய்யும் மழையே தள்ளலாம். இதைப் பற்றிப் பிறகு.

ஐந்தாம் படி: மேகம் எப்படி மழையாகிறது?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மாடியிலிருந்து பார்க்க முடியாத விஷயம் இது. நீராவி படிய ஒரு பிடி வேண்டும்: தூசு, உப்பு, புகைத்துகள். படிந்த மேகத்துளி ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர், வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் விழும், ஏறும் காற்றே அதைத் தாங்கிவிடும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். வெதுவெதுப்பான மேகத்தில் மோதிச் சேர்கின்றன. மிக உயர்ந்த மேகத்தில் பனித்துகள்கள் சுற்றியிருக்கும் துளிகளின் ஈரத்தை இழுத்துப் பெருத்து, இறங்கும் வழியில் உருகுகின்றன. துளிகள் மேலே மேலே ஒட்டி உறைந்து கட்டியாகி, உருகாமல் வந்தால் ஆலங்கட்டி. சின்ன மேகம் எவ்வளவு கறுத்தாலும் வடாத்துக்கு ஆபத்தில்லை, உயரம்தான் முக்கியம்.

ஆறாம் படி: மணி பார்த்து வானம் பார்ப்பது

காலை பத்து, பதினொன்றுக்குப் பஞ்சு உருண்டைகள் தோன்றுவது நல்ல சகுனமும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை. அடுத்த இரண்டு மணி நேரம் அவை என்ன செய்கின்றன என்று பாருங்கள். அகலத்தைவிட உயரம் குறைவாக, மேல்பக்கம் நசுங்கினாற்போல் இருந்தால் மூடி வேலை செய்கிறது. காலிஃபிளவர் மாதிரி தலைமேல் தலை முளைத்து, மத்தியானத்துக்குள் உயரம் அகலத்தை மிஞ்சினால் அன்றைக்கு வேட்டியை மடித்து வைப்பது உத்தமம். அந்தக் கூர்மையான விளிம்பு மங்கி, உச்சி கொல்லன் பட்டறைக்கல்போல் பக்கவாட்டில் விரிந்தால் அது கார்திரள் மேகம், அதாவது இடிமழை மேகம். உச்சி பனியாகிவிட்டது, பல கிலோமீட்டர் எழுந்துவிட்டது.

மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். இடி கேட்கும் வரை எத்தனை வினாடியோ அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 வினாடிக்குள் கேட்டால் மொட்டை மாடியில் நிற்கவே கூடாது. வடாம் போனால் போகட்டும்.

ஏழாம் படி: பலூன் வரைபடம்

சுற்றுக் காற்றின் வெப்பநிலையை மாடியிலிருந்து அளக்க முடியாது. அதற்குத்தான் வானிலைத் துறை பலூன் விடுகிறது. உலகமெங்கும் ஒரே நேரத்தில் விடுவது வழக்கம். நம் கணக்கில் காலை, மாலை ஐந்தரை மணி. அது அனுப்பும் தகவலை வரைபடமாக இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முதலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மிரட்டும். இரண்டே கோடுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வலப்பக்கம் வெப்பநிலை, இடப்பக்கம் பனிநிலை. இரண்டும் நெருங்கினால் அந்த உயரத்தில் ஈரம், விலகினால் வறட்சி. வெப்பநிலைக் கோடு மேலே போகும்போது வலப்பக்கம் முறைத்துத் திரும்பினால் அங்கே மூடி. உயரத்தை இதில் காற்றழுத்தமாகத்தான் குறிப்பார்கள், அதன் அலகு ஹெக்டோபாஸ்கல். பெங்களூரு வரைபடம் 1000 ஹெக்டோபாஸ்கலில் தொடங்காமல் 910 பக்கத்தில் தொடங்கும். தவறு என்று நினைக்காதீர்கள், ஊர் அந்த உயரத்தில் இருக்கிறது.

பக்கத்தில் கேப் என்று ஓர் எண் இருக்கும். மூடியைத் தாண்டிய காற்றுக்குக் கிடைக்கப்போகும் மொத்த உந்துசக்தி அது. ஆயிரத்தைத் தாண்டினால் கவனிக்கலாம், 2,500-க்கு மேல் போனால் பலத்த இடிமழைக்குத் தேவையான சரக்கு மேலே இருக்கிறது. ஆனால் சரக்கு இருப்பது வேறு, திரியில் நெருப்பு வைப்பது வேறு. சின் என்ற இன்னோர் எண் மூடியின் பலத்தைச் சொல்லும். பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு பலம். காலை வரைபடத்தை அப்படியே நம்பாமல், மத்தியானம் எதிர்பார்க்கும் வெப்பநிலையை வைத்து மூன்றாம் படிக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் போன மே மாதம் ஒரு நாள் கோட்டை விட்டேன். 34 டிகிரி, டம்ளரில் 16. மேகத்தின் அடி 2,250 மீட்டர். காலை வரைபடத்தில் கனத்த மூடி. பதினொரு மணிப் பஞ்சுகள் ஒரு மணிக்குக் கரைந்தே போய்விட்டன. "தாராளமா போடுங்க அத்தே, இன்னிக்கு வராது" என்றேன். மூன்றே முக்காலுக்குத் தலைக்குமேல் நீலவானம். திடீரென்று தென்கிழக்கிலிருந்து புழுதியோடு ஜில்லென்ற காற்று. ஓசூர்ப் பக்கம் எங்கோ பெய்த மழை, தன்னோடு இறக்கிய குளிர்ந்த காற்றைத் தரையோடு தரையாக நாலா பக்கமும் விரட்டிவிட்டிருக்கிறது. கனமான அந்தக் காற்று மண்வெட்டிபோல எங்கள் சூடான காற்றின் அடியில் புகுந்து, வெயிலால் முடியாததைச் செய்துவிட்டது: மூடிக்கு மேலே தூக்கிவிட்டது. அரை மணி நேரத்தில் மாடி வடிகுழாயில் கஞ்சித்தண்ணீர் ஓடியது.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை உதறிப் பிழிந்தார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் கணக்கு முடிந்த பிறகும் மூன்று மணிக்கு ஒருமுறை ஓசூர்த் திசையையும், ரேடார் படத்தில் நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தையும் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை. அத்தை நான் வாய் திறக்கும்வரை காத்திருப்பதுமில்லை. மாவுப் பாத்திரத்தோடு தார்ப்பாயையும் சேர்த்தே மாடிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.